டப்பாவுக்கு எத்தனை தோட்டா என்று கேட்காதே தம்பி!

போன சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணி. பொட்டி தட்டி முடித்து, தங்கமணி வைத்த ரசத்தை ஊற்றிக்கொண்டு உட்காரும்போது டல்லாஸில் இருந்து போன். சித்தி மகன்.

"அண்ணே, ஒரு ஐடியா. நீங்க ஒகாயோவுல இருந்தப்ப வீட்டுலேயே தோட்டா செஞ்சீங்கல்ல? ரீலோடிங்? நானும் ஆரம்பிக்கப் போறேன். லிஸ்ட் அனுப்பியிருக்கேன், பாருங்க. ஒரு பவுண்டு பவுடர் டப்பாவுல ஆயிரத்து எழுநூறு தோட்டா வருதுண்ணே! அடுத்த வருசம் பெங்களூரு வர்றப்ப பிரஸ்ஸு, டை, தராசு எல்லாத்தையும் சாமானோட ஏத்தி விட்டுர்றேன்."

லிஸ்டைப் பார்த்தேன். ரசம் இறங்கவில்லை.

ஒரு மணி நேரம் திட்டினேன். பாவம், கேட்டுக்கொண்டான். ஆனால் இவன் ஒருத்தன் மட்டும் இல்லை என்பது தெரியும். ஊரை விட்டு வந்த நம்மாட்களுக்கு எதை ஆரம்பித்தாலும் இரண்டு வியாதி உண்டு. ஒன்று, எது மலிவு என்று பார்ப்பது. இரண்டு, எது பெரிசு என்று பார்ப்பது. இட்லி மாவு அரைக்கும் கிரைண்டருக்கு இது சரிப்படும். மருந்துக்குச் சரிப்படாது. எனவே திட்டியதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

நான் சாத்தூர்க்காரன். பக்கத்தில் சிவகாசி. எங்கள் பக்கம் 'மருந்து' என்றால் முதலில் ஞாபகம் வருவது மாத்திரை இல்லை. விரல் இரண்டு ஒட்டிப்போன கையோடு பெட்டிக்கடை நடத்திய ஒரு பெரியவரிடம்தான் நான் சின்ன வயதில் கமர்கட் வாங்கியிருக்கிறேன். அவர் சொல்வார்: "மருந்து கெட்டதில்லடா. அவசரந்தான் கெட்டது." இந்தப் பதிவில் அதற்கு மேல் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. விளக்கம்தான் பாக்கி.

முதலில் பவுடர்

தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. ஒரு தோட்டாவில் நாலு பாகம்: பித்தளை உறை, அதன் அடியில் பொறி கொடுக்கும் ப்ரைமர், உள்ளே பவுடர், மேலே குண்டு. சுட்ட பிறகு உறை மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்கு அழுத்தி, புது ப்ரைமர், புது பவுடர், புது குண்டு வைத்தால் மறுபடி தோட்டா. அமெரிக்காவில் லட்சக்கணக்கான பேர் கார் ஷெட்டில் உட்கார்ந்து செய்கிற பொழுதுபோக்கு இது. ஒழுங்காகச் செய்தால் ஒன்றும் ஆகாது. இதைச் சொல்லாமல் வெறுமனே பயம் காட்டினால் நான் பொய் சொன்னவன் ஆவேன்.

இப்போது தம்பியின் கணக்கு. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். வேகமாக எரியும் கைத்துப்பாக்கி பவுடர் என்றால் ஒரு தோட்டாவுக்கு நாலு கிரெயின் அளவில் போதும். 7000ஐ நாலால் வகுத்தால் 1750. கணக்கு சரிதான். அதே இடத்தில் பொசுபொசுவென்று இடத்தை அடைக்கும் இன்னொரு பவுடருக்கு ஐந்தரை கிரெயின் பிடிக்கிறது என்று வையுங்கள். டப்பாவுக்கு 1270 சொச்சம்தான் வரும். (இது வெறும் வகுத்தல் கணக்கு மக்களே, சமையல் குறிப்பு இல்லை! அளவு என்பது பவுடர் கம்பெனி வெளியிடும் கையேட்டில் இருப்பது மட்டும்தான்.)

டப்பா நாற்பது டாலர் என்றே வைத்துக்கொள் தம்பி. ஆயிரம் தோட்டாவுக்கு உன் 'சிக்கனம்' எவ்வளவு தெரியுமா? ஒன்பது டாலர்கூடத் தேறாது. இரண்டு பேர் சரவண பவனில் காபி குடிக்கிற காசு.

அந்தக் காசுக்கு நீ எதை விற்கிறாய் என்று பார். டைட்குரூப் மாதிரி அடர்த்தியான வேகப் பவுடர் 9 மி.மீ. உறையில் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். கவனம் சிதறி ஒரே உறையில் இரண்டு தரம் போட்டாலும் உள்ளே அடங்கிவிடும். மேலே குண்டை வைத்து அழுத்தினால் வெளியில் இருந்து பார்க்க மற்ற தோட்டா மாதிரியே இருக்கும். 9 மி.மீ. தோட்டாவுக்கு அமெரிக்கத் தர நிர்ணயப்படி உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. அதன்மேல் இரட்டை மருந்து என்றால் துப்பாக்கி எங்கே போகும், உன் கை எங்கே போகும் என்று நீயே யோசித்துக்கொள். யூனிக் மாதிரி இடத்தை அடைக்கும் பவுடர் என்றால் அதே 9 மி.மீ. உறையில் இரண்டாம் தரம் போடும்போது வாய் வரை ஏறிவிடும், இல்லை வழிந்து மேசையில் கொட்டும். உன் தப்பை உனக்கே காட்டிக்கொடுக்கும்.

.38 ஸ்பெஷல் இன்னும் மோசம். 1898இல் கரும்மருந்துக் காலத்துக்காக வடிவமைத்த நீள உறை அது. இன்றைய புகையில்லா மருந்து அதில் கிணற்றடியில் கிடக்கிற தண்ணீர் மாதிரி. எந்தப் பவுடராக இருந்தாலும் டார்ச் அடித்து ஒவ்வோர் உறையாகக் குனிந்து பார்க்காமல் குண்டு வைக்கக் கூடாது.

எனவே புதிதாக ஆரம்பிக்கிறவன் கேட்க வேண்டிய கேள்வி 'டப்பாவுக்கு எத்தனை' என்பது இல்லை. 'நான் தப்புச் செய்தால் எனக்குத் தெரியுமா?' அவ்வளவுதான். இந்தக் கேள்விக்கு ஆமாம் சொல்லும் பவுடரை வாங்கு. இல்லை என்று சொல்லும் பவுடர் சும்மா கிடைத்தாலும் வேண்டாம். சும்மா என்றதும் ஞாபகம் வருகிறது: நண்பர் கொடுத்த பாதி டப்பா, லேபிள் கிழிந்த டப்பா, "இது அதேதான்" என்று காபி பாட்டிலில் போட்டுத் தருவது, எதையும் தொடாதே.

அப்புறம் சாமான்

லிஸ்டில் முதல் வரி: மணிக்கு நானூறு ஐந்நூறு தோட்டா தள்ளும் புரோகிரஸிவ் பிரஸ். கைப்பிடியை ஒரு தரம் இழுத்தால் நாலைந்து வேலை ஒரே நேரத்தில் நடக்கும். கடைசி வரி: "டிஜிட்டல் தராசு, மலிவானது."

கார் ஓட்டப் பழகுகிறவன் லாரி வாங்கிவிட்டு பிரேக்கில் காசை மிச்சம் பிடித்த கதை!

புரோகிரஸிவ் நல்ல மெஷின்தான். ஆனால் ஒரே நேரத்தில் நாலு இடத்தில் நாலு வேலை நடக்கும்போது எந்த இடத்தைப் பார்ப்பாய்? நடுவில் ஒன்று சிக்கியதும் கைப்பிடியைப் பின்னால் தள்ளி, மறுபடி இழுத்து... இரட்டை மருந்து விழுகிற இடமே அதுதான். சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒரு வேலை. ஐம்பது உறையைப் பலகையில் நிறுத்தி, மருந்து போட்டு, டார்ச் அடித்து வரிசையாகப் பார்த்து, பிறகுதான் குண்டு. மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் தப்பு கண்ணில் படும்.

காசைக் கொட்ட வேண்டிய இடம் தராசு. அதோடு எடை தெரிந்த சோதனைக் கற்கள். உட்காரும் ஒவ்வொரு முறையும் முதலில் தராசையே நிறுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வெவ்வேறு கையேடு, அளவெடுக்க வெர்னியர், கண்ணாடி. கார்பைடு டை வாங்கினால் நேரான கைத்துப்பாக்கி உறைகளுக்கு எண்ணெய் தடவுகிற வேலை மிச்சம். மேசையில் எப்போதும் ஒரே ஒரு பவுடர் டப்பா. அப்புறம் தோட்டாவைப் பிரிக்கும் சுத்தியல். இது லிஸ்டில் இல்லவே இல்லை. தான் தப்பே செய்ய மாட்டோம் என்று நினைக்கிறவன் லிஸ்ட் அப்படித்தான் இருக்கும்.

கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றுகிறேன். ஒகாயோவில் எனக்கு இரண்டாவது மாதம். ஐம்பது தோட்டா செய்யும்போது நடுவில் ஊரில் இருந்து அம்மா போன். பேசிவிட்டு வந்து விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தேன், அதாவது விட்ட இடம் என்று நான் நினைத்த இடத்தில் இருந்து. அடுத்த ஞாயிறு சுடும்போது ஒன்று 'டப்'பென்று நோஞ்சானாகச் சத்தம் போட்டது. நான் அடுத்ததைச் சுடப் போனேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெரியவர் கத்திக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தார். பிரித்துப் பார்த்தால் அந்த உறையில் மருந்தே போட்டிருக்கவில்லை. ப்ரைமரின் உந்தலில் மட்டும் குண்டு குழாய்க்குள் பாதி தூரம் போய் அடைத்து நின்றது. அதன் பின்னால் முழு மருந்தோடு இன்னொன்றை அனுப்பியிருந்தால் குழாய் பிளந்திருக்கும். அன்றைக்குத்தான் சாத்தூர்ப் பெரியவரின் விரல்கள் எனக்குப் புரிந்தன. அதற்குப் பிறகு மேசையில் உட்காரும்போது போனை வேறு அறையில் வைத்துவிடுவேன்.

விசாவைப் பார்த்தாயா?

"நீ இன்னும் எச்1பி தானே?" என்று கேட்டேன். "ஆமாண்ணே, அதுக்கும் இதுக்கும் என்ன?"

இருக்கிறது ராசா! குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். விதிவிலக்குகள் சில உண்டு. செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் கையில் இருப்பது அதில் ஒன்று. எச்1பியும் அந்த வகை விசாதான். நான் செய்த காலத்தில் என்னிடம் கிரீன் கார்டு இருந்தது.

வேடிக்கை என்னவென்றால் அந்தச் சட்டத்தில் 'தோட்டா' என்பதன் விளக்கத்துக்குள் உறை, ப்ரைமர், குண்டு, பவுடர் எல்லாமே தனித்தனியாக அடக்கம். "நான் துப்பாக்கியே வாங்கலையே, டப்பா மட்டும்தானே" என்று சொல்ல முடியாது. 2022இல் திருத்திய பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. டீம் லஞ்சுக்குப் பிறகு "வா, சுடப் போகலாம்" என்று கூப்பிடும் டெக்சாஸ் மேனேஜருக்கு இது தெரியாது. அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. உனக்குத் தெரிய வேண்டும்.

பெங்களூருக்கு மூட்டை கட்டுகிறவர்களுக்கு

இதுதான் என்னை ராத்திரி தூங்க விடாத விஷயம்.

பவுடரும் ப்ரைமரும் பயணிகள் விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுவரக் கூடாது. சரி, பவுடர் வேண்டாம், பிரஸ்ஸும் காலி உறையும் இரும்புச் சாமான்தானே என்று தோன்றும். நம் ஆயுதச் சட்டம் 1959ஐப் பிரித்துப் பாருங்கள். அதில் 'ஆம்யூனிஷன்' என்பதற்குள் தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் இயந்திரமும் அடக்கம். அதாவது உன் பிரஸ்ஸே சட்டத்தின் பார்வையில் தோட்டா! உரிமம் இல்லாமல் தோட்டா தயாரித்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஏழு ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை போகும்.

உடனே வாட்ஸப் வக்கீல் யாராவது வருவார். "ஏர்போர்ட்டில் பையில் ஒரு தோட்டா மாட்டினால் கோர்ட்டில் கேஸ் நிற்காது சார்." உண்மைதான், பாதி. வைத்திருக்கிறோம் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972லேயே குன்வந்த்லால் வழக்கில் சொல்லியிருக்கிறது. மறதியாகப் பையின் மூலையில் கிடந்த ஒற்றைத் தோட்டா வழக்குகள் அந்த அடிப்படையில் உயர் நீதிமன்றங்களில் ரத்தாகியிருக்கின்றன. சட்டத்தின் 45ஆம் பிரிவும் சில்லறைப் பாகங்களுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இருக்கக் கூடாது.

நீ கொண்டுவருவது என்ன? பிரஸ், டை, தராசு, ஐந்நூறு உறை, கூடவே ஒரு கையேடு. "தெரியாமல் பையில் விழுந்துவிட்டது ஐயா" என்று தேவனஹள்ளியில் நின்று சொல்லப் போகிறாயா? வழக்கு கடைசியில் ரத்தானாலும் அதுவரை பாஸ்போர்ட், வேலை, வக்கீல் ஃபீஸ், சித்தியின் பிரஷர் மாத்திரை எல்லாம் யார் கணக்கு?

இன்னொன்று. நீ ஆசைப்படும் 9 மி.மீ. இங்கே பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். அந்த டை இங்கே வெறும் பேப்பர் வெயிட். குடகு நண்பர் யாராவது "எங்களுக்கு விலக்கு இருக்கே" என்பார். அது குடகு மக்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தந்த விலக்கு. ஒயிட்ஃபீல்டு அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருக்கிற நமக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அருவங்காட்டில் நூறு வருடத்துக்கும் மேலாக கார்டைட் தொழிற்சாலை இருக்கிறதே என்றும் கேட்டான் தம்பி. இருக்கிறது, ராணுவத்துக்கு. குன்னூர் போகிற வழியில் ஒரு டப்பா வாங்கி வர அது வர்க்கி கடை இல்லை.

"இப்படியே போனால் விளையாட்டு எப்படி வளரும்?"

நியாயமான கேள்வி. மதிக்கிறேன். பதக்கம் வாங்கும் நிலையில் இருக்கும் வீரர்களுக்குத் தோட்டா கிடைப்பது இங்கே எளிதாக இல்லை, சட்டம் பல இடத்தில் விளையாட்டுக்காரனையும் ரவுடியையும் ஒரே கண்ணாடியில் பார்க்கிறது என்பதில் எனக்கும் கோபம் உண்டு. மாற்றக் கேட்க வேண்டும்.

ஆனால் அந்தக் கோபத்தை உன் கார் ஷெட்டுக்கு நியாயமாகக் காட்டாதே. ஒலிம்பிக்கில் இருக்கும் கைத்துப்பாக்கிப் போட்டிகளை எண்ணிப் பார். 10 மீட்டர் போட்டிக்குக் காற்றுத் துப்பாக்கி. 25 மீட்டர் போட்டிகளுக்கு .22 ரிம்ஃபயர். .22இல் ப்ரைமர் தனியாக இல்லை, உறையின் விளிம்புக்குள்ளேயே பொறி மருந்து இருக்கிறது. சுட்டபின் நடைமுறையில் மறுபடி நிரப்ப முடியாத தோட்டா. ஆக, ஒலிம்பிக் மேடையில் ஏறுவதற்கு ஒருவன் ஒரு கிரெயின் மருந்தைக்கூடக் கையால் தொட வேண்டியதில்லை! 2024 ஜூலையில் பாரிஸில் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலமும் காற்றில் வந்தவை.

பெங்களூரையே எடுத்துக்கொள். பிரகாஷ் நஞ்சப்பா நம் மாதிரி பொட்டி தட்டியவர்தான். கனடாவில் மென்பொருள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெள்ளி. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் நம்மைப் போல ஊர் மாறிய குடும்பத்துப் பெண். அவர் பேர் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்.

எனவே தம்பி, இங்கே வந்து சுட ஆசையா? ஏர் பிஸ்டல். 4.5 மி.மீ. துளை, 20 ஜூலுக்கு மிகாத சக்தி என்றால் ஆயுத உரிமம் வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வியும் அதேதான்: தப்புச் செய்தால் எனக்குத் தெரியுமா? இதில் ஒவ்வொரு தப்பும் காகிதத்தில் ஓட்டையாகத் தெரியும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ., சட்டைப் பொத்தான் அளவு. மூச்சு, மணிக்கட்டு, விரல், எதில் கோளாறு என்று ஒரு பெல்லட் செலவில் சொல்லிவிடும். விரல் போகாது.

இதிலும் நம் வியாதி விடவில்லை. எங்கள் அடுக்குமாடியில் ஒரு அப்பா, பையன் சேர்ந்த பத்தாவது நாளே வெளிநாட்டுப் பிஸ்டல் வாங்கிவிட்டார். பிடி பையன் கைக்குப் பெரிசு. செகண்ட் ஹேண்டில் வந்த காற்று சிலிண்டருக்கு ஆயுள் முடிய ஏழு மாதம். சிலிண்டருக்கு உற்பத்தி நாளில் இருந்து அதிகபட்சம் பத்து வருடம்தான், போட்டிச் சோதனையில் தேதியைப் பார்ப்பார்கள். பையன் இப்போது கீபோர்டு கிளாஸ் போகிறான்.

மூன்று மாதம் கிளப் பிஸ்டலிலேயே சுடட்டும். வெற்றுச் சுவரைப் பார்த்துப் பெல்லட் இல்லாமல் குறி பிடித்து நிற்கட்டும், அதற்குக் காசே இல்லை. கை வளர்ந்து, நிற்கப் பழகி, அவனே கேட்ட பிறகு வாங்குங்கள். அப்போதும் பிடி அளவு, சிலிண்டர் தேதி, விசை எடை (குறைந்தது 500 கிராம் என்பது விதி) பார்த்து வாங்குங்கள். உரிமம் வேண்டாம் என்பதால் பொம்மை என்று நினைத்து மொட்டை மாடியில் புறா சுட அனுப்பாதீர்கள்.

கடைசியாக

2012 செப்டம்பரில் எங்கள் ஊர்ப்பக்கம் முதலிப்பட்டியில் நாற்பது பேர் அளவுக்குச் செத்தார்கள். இத்தனை பேருக்கு மேல் கூடாது, இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது என்று ஒவ்வோர் அறைக்கும் விதி இருக்கிற தொழில் அது. 2023 அக்டோபர் 7 அன்று நாம் தீபாவளிக்குப் பட்டாசு வாங்கப் போகிற அத்திப்பள்ளியில் கடை எரிந்தது. செத்தவர்களில் பெரும்பாலானோர் சில நாள் கூலிக்கு வந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள். பட்டாசு வேறு, துப்பாக்கி மருந்து வேறு என்று வேதியியல் பேசலாம். இரண்டிலும் ஆளை அடிப்பது அவசரமும் அற்பச் சிக்கனமும்தான்.

வயிற்றுப் பிழைப்புக்கு மருந்தைத் தொட்டவர்களுக்கு வேறு வழி இல்லை. உனக்கு இருக்கிறது தம்பி. டல்லாஸில் கிரீன் கார்டு வந்த பிறகு சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸும் நல்ல தராசும் வாங்கு, நானே போனில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். பெங்களூருக்கு வரும்போது அதை அங்கேயே யாருக்காவது விற்றுவிட்டு வா. இங்கே உனக்காக ஏர் பிஸ்டலும் ஒரு தட்டு ரசம் சோறும் இருக்கும்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, பொட்டி தட்டுகிறவன். மூட்டை கட்டும் முன் வக்கீலைக் கேளுங்கள். தம்பி நேற்று போன் செய்தான். புரோகிரஸிவ் பிரஸ் ஆர்டரை ரத்து செய்துவிட்டானாம். தராசை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். காபித்தூள் நிறுக்க வைத்துக்கொள் என்றேன் :-)